ஐந்து கோயில்களும் ஒரு கம்பெனி பஸ்ஸும்

வலது டயருக்கு ஒன்று, இடது டயருக்கு ஒன்று, ஊர்க்கண் திருஷ்டிக்கு ஒன்று என்று மூன்று எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் எது எந்த டயருக்குப் பொருத்தம் என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார் சென்னகிருஷ்ணன். பர்கூரில் காலை ஆறே கால். கம்பெனி பஸ்ஸுக்குள் நாற்பத்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டரைக்கு ஓசூரில் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். இது நாற்பத்தாறு பேருக்கும் தெரியும். சென்னகிருஷ்ணனுக்கு இதைவிடப் பெரிய விஷயங்கள் தெரியும்.

“ஏண்ணா, பழத்துக்கு மாப்பிள்ள பாக்கறியா?” என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்கிறான் நவீன்குமார். கல் குவாரியில் ஆறு வருடம் டிப்பர் ஓட்டிவிட்டு, தூசி தாங்காமல் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். வாய் மட்டும் இன்னும் குவாரியிலேயே இருக்கிறது.

“சாமி காரியம்டா. அவசரப்படறவன் அவசரமாவே போய்ச் சேருவான்” என்கிறார் சென்னகிருஷ்ணன். பழங்களை வைத்து, டயருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அது கடைசிவரை எரிந்து அணைவதை நின்று பார்த்து, பிறகுதான் ஏறுவார். பழம் நசுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நாற்பத்தாறு பேரும் ஓசூருக்குப் புறப்பட்டதாக அர்த்தம்.

இந்த பஸ்ஸுக்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் தேர். வேகமும் அப்படித்தான், நிறுத்தங்களும் அப்படித்தான். முன் கண்ணாடியில் மாரியம்மன், ஆஞ்சநேயர், பெருமாள், சிவன், குலதெய்வம் எல்லாரும் ஒட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே மாலை, மாலைக்குக் கீழே மிளகாய்க் கொத்து. இவ்வளவும் போக மிச்சமிருக்கும் இடத்தில் தேசிய நெடுஞ்சாலை கொஞ்சம் தெரியும்.

சென்னகிருஷ்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. நெற்றியில் திருநீறு, அதன் நடுவில் குங்குமம், அதற்கும் நடுவில் செந்தூரம். வீட்டில் தெலுங்கு பேசுவார், வண்டியில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம், சாமியிடம் மூன்றும். எந்தச் சாமிக்கு எந்த மொழி என்று கேட்டால், “அதுக்கு எல்லாம் புரியும், நமக்குத்தான் அது பேசறது புரியாது” என்பார்.

பர்கூரிலிருந்து ஓசூர் வரை அவருக்கு ஐந்து கோயில்கள். அத்தனையும் பிறக்கும்போதே கூட வந்தவை அல்ல, ஒவ்வொன்றாகச் சம்பாதித்தவை. மனைவி மாதம்மாளுக்குக் கர்ப்பப்பை எடுத்த வருடம் பர்கூர் மாரியம்மன் சேர்ந்தாள். மகளைப் பெண் பார்க்க வந்த ஏழு பேர் காபி மட்டும் குடித்துவிட்டுப் போன வருடம் கிருஷ்ணகிரி ஆஞ்சநேயர் சேர்ந்தார். கல்யாண விஷயத்துக்குப் பிரம்மச்சாரியிடம் போய் நின்ற ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். ஆனால் எட்டாவது வரன் அமைந்துவிட்டது, எனவே அதைப் பற்றி யாரும் பேச முடியாது. லாரி ஓட்டிய காலத்தில் மேலுமலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து காலில் கம்பி வைத்தார்கள், முனியப்பன் வந்தார். இரண்டு ஏக்கர் நிலத்தில் மூன்று போர் போட்டு மூன்றிலும் புழுதி பறந்தபோது சூளகிரிப் பெருமாள். உடம்பில் சர்க்கரை என்று தெரிந்தபோது ஓசூர் மலைமேல் இருக்கும் ஈஸ்வரன்.

வேறு யாராவது இத்தனை அடி வாங்கியிருந்தால், அடிக்கிற கையிலிருந்து நாலடி தள்ளி நின்றிருப்பார்கள். சென்னகிருஷ்ணன் இன்னும் நெருங்கிப் போனார். கேட்டால் அவரிடம் ஒரு தத்துவம் இருக்கிறது. “ஏன் அடிக்கிது? நம்ம மேல பிரியம். பாத்திரம்னு இருந்தா தேய்க்கத்தானே செய்வாங்க. ஓட்டாஞ்சில்ல யாராவது தேய்ப்பாங்களா?”

மாதம்மாள் இந்தத் தத்துவத்தை முப்பது வருடமாகக் கேட்டுவருகிறாள். “தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்திரத்துல ஓட்ட உழுந்து நாலு வருஷமாச்சு. சாமிக்குச் சொல்லு, வேற யார் வூட்டுப் பாத்திரமாவது கெடைக்குமான்னு” என்பாள். அவள் கும்பிடாதவள் அல்ல. கும்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள்.

அவருடைய பக்தியைப் பற்றி நாற்பத்தாறு பேருக்கும் நாற்பத்தாறு விதமான அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் அவருடைய பயத்தைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். அது அசல். குடிக்க மாட்டார். வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன கொலுசை மூன்று நாள் ஒவ்வொரு பெண்ணிடமும் காட்டி விசாரித்துச் சேர்த்தவர். பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று நம்புகிறார். உருவகமாக அல்ல, நிஜமாகவே, நுனியிலிருந்து தொடங்கி உள்ளே போகும் என்று.

இதனால் தொழிலாளர்களுக்கு நஷ்டம்தான். தாமதமாகிற நாளில் டிராஃபிக் என்று சொன்னால் கம்பெனியில் விட்டுவிடுவார்கள். டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் கேட்கும்போது சென்னகிருஷ்ணன் கைகட்டி நின்று, “சாமி கும்புட்டோம் சார், அதான் லேட்டு” என்பார். கும்பிட்டோம் என்று பன்மையில் சொல்வார். கும்பிடாத நாற்பத்தாறு பேருக்கும் அரை நாள் சம்பளம் போகும்.

“ஒரு தடவ டயர் பஞ்சர்னு சொல்லேண்ணா” என்று நவீன்குமார் கெஞ்சியிருக்கிறான்.

“டயர் என்னடா பாவம் பண்ணுச்சு, அது மேல பழி போட?”

இப்படிப்பட்ட மனிதருக்குக் கண்ணில் வந்தது சோதனை.

முதலில் இடது கண்ணில் ஒரு கறுப்புப் பூச்சி பறந்தது. கையால் விரட்டிப் பார்த்தார். பிறகு பூச்சி நின்று, புகை வந்தது. கிருஷ்ணகிரியில் டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இடது கண் பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணும் அதே வழியில் கிளம்பியிருக்கிறது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்றார். சென்னகிருஷ்ணன் முதல் மூன்றையும் கேட்டுக்கொண்டார்.

நான்காவதைக் கேட்டுக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. பஸ் கம்பெனியுடையது அல்ல, காண்டிராக்ட்காரருடையது. டிரைவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்த மறுநாள் காலையில் வேறு ஒருவர் எலுமிச்சம்பழம் வைப்பார். நிலத்தில் தண்ணீர் இல்லை. ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றைப் பிடித்துப் பழகாத கை. எனவே சென்னகிருஷ்ணன் வழக்கமான முடிவுக்கு வந்தார். இது சோதனை. கண்ணை மறைத்துவிட்டு நம்புகிறானா என்று சாமி பார்க்கிறது. நம்பினால் தீர்ந்தது. பர்கூரிலிருந்து ஓசூர் வரை எந்த இடத்தில் எந்தப் பள்ளம் என்று இடுப்புக்குத் தெரியும்போது கண் எதற்கு?

சோதனைக்குள் ஒரு சோதனையாகக் கம்பெனியில் டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் வந்தது. பெங்களூரிலிருந்து வந்தவர்கள், கண் பார்க்கும் அட்டையும் அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். அட்டை முழுக்கக் கன்னட எழுத்து. சென்னகிருஷ்ணனுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. வரிசையில் அவருக்கு முன்னால் நின்றது கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து வரும் மூன்று டிரைவர்கள். மூன்று பேரும் அட்டையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உரக்கப் படித்தார்கள். மூன்று தடவை கேட்டால் சென்னகிருஷ்ணனுக்கு எந்த மந்திரமும் மனப்பாடம். தன் முறை வந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஒப்பித்தார், மறு கண்ணைப் பொத்திக்கொண்டு ஒப்பித்தார். அட்டைக்குப் பக்கத்தில் நின்று சோதித்த பெண் ஐந்தாவது வரியில் போதும் என்றாள். அவர் உற்சாகத்தில் ஆறாவது வரியையும் சொல்லிவிட்டார். அந்த வரியில் மற்ற மூன்று பேரும் திணறியிருந்தார்கள். திணறலை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்.

“கண்ணு சென்னாகிதே” என்று சொல்லி அந்தப் பெண் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். கண் நன்றாக இருக்கிறதாம்.

தெரியாத கண்ணால் தெரியாத எழுத்தைப் படித்துத் தேறியவர், அந்தச் சீட்டைக் குலதெய்வத்தின் படத்துக்கு அடியில் செருகிவைத்தார். வீட்டுக்கு வந்து மாதம்மாளிடம், “நீயே சொல்லு, சாமி இல்லாம இது நடக்குமா?” என்றார்.

மாதம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “சாமி வந்து படிச்சுதா? படிச்சது நீ.”

“நான் எங்க படிச்சன்? எனக்குத்தான் தெரியாதே.”

“அதத்தான் சொல்றன். அந்தப் பொண்ணுகிட்ட நீ சொன்னது என்ன, மெய்யா?”

சென்னகிருஷ்ணன் கைகழுவப் போய்விட்டார். இரண்டாம் நாள் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. சூடு, வயிற்றுக் கோளாறு, மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் போய்விடும் என்றாள் மாதம்மாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார். கண்ணாடியில் நாக்கு தெரிந்தது, புண் தெரியவில்லை. தெரியாதது இன்னும் பயமாக இருந்தது. மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல், பெருமாளுக்கு ஒரு சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் புண் ஆறியது. பயம் ஆறவில்லை. முப்பது வருடமாகச் சாமி தன்னை அடிக்கும் என்று பயந்தவர், இந்தத் தடவை சாமி அடிக்காமல் விட்டுவிட்டதே என்று பயந்தார்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. மேலுமலைக்கு முன்னால் மேம்பால வேலைக்காகச் சாலையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். தூரத்தில் முனியப்பன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, அதே அகலம், அதே கம்பீரம். சென்னகிருஷ்ணன் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார். கற்பூரம் ஏற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுவதற்கு வேட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது பஸ் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

அவர் கும்பிட்டது, வழி மாற்றுவதற்காகச் சாலைப்பணிக்காரர்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம். முனியப்பன் இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி, தன் இடத்தில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

“ஆறாவது கோயில் ரெடிண்ணா. கும்பாபிஷேகம் எப்போ?” என்றான் நவீன்குமார். பெண்கள் சீட்டிலிருந்து ஒருத்தி, டிரம்முக்குத் தேங்காய் உடைத்தால் சீக்கிரம் ரோடு போடுவார்களா என்று கேட்டாள். சென்னகிருஷ்ணனும் சிரித்தார். “எல்லாத்துலயும் சாமி கீதுடா” என்று சொல்லி ஏறினார். எல்லாரும் அதையும் பக்தியில் சேர்த்துக்கொண்டார்கள். பக்திமானாக இருப்பதில் உள்ள வசதி இதுதான், கண் தெரியாததைக்கூட ஊர் ஞானம் என்று எடுத்துக்கொள்ளும்.

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஓசூர் வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். டிரம் முனியப்பனாகத் தெரிந்தது. சரி. நாளைக்கு நின்றுகொண்டிருக்கும் லாரி என்னவாகத் தெரியும்? பின்னால் யாரோ சத்தமாகப் பேசி, யாரோ தூங்கி, யாரோ டிபன் டப்பாவைத் திறந்து மூடினார்கள். இருபது வருடமாகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு நாற்பத்தாறும் தனித்தனியாகக் கேட்டது.

முடிவெடுக்க அவருக்கு ஒரு வழிதான் தெரியும். பூ கேட்பது. முனியப்பனின் இரண்டு தோளிலும் ஈரமான வெள்ளை அரளியை வைத்துவிட்டுக் கேள்வியை மனதில் சொல்ல வேண்டும். சாமிக்கு வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு உண்டு, இடது பக்கம் விழுந்தால் இல்லை. போர் போடலாமா என்று கேட்டபோது மூன்று தடவையும் வலது விழுந்தது. தண்ணீர்தான் விழவில்லை. அதற்காகச் சென்னகிருஷ்ணன் பூவைச் சந்தேகப்பட்டதில்லை. பூ சொன்னதை அவர் வாழ்நாளில் மீறியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத் தேர் மேலுமலையில் நின்றது. முன்தினமே போனில் சொல்லியிருந்ததால் பூசாரி முனிசாமி காத்திருந்தார். பூவைத் தண்ணீரில் முக்கி இரண்டு தோளிலும் வைத்தார். அதற்குள் பெங்களூர் நம்பர் போட்ட புதுக் கார் ஒன்று பூஜைக்கு வந்து நிற்க, “நீ மனசுல கேட்டுக்கினு நில்லு, சாமி சொல்லும். நான் அந்தக் காருக்குப் பழம் சுத்திட்டு வரன்” என்று போய்விட்டார். புதுக் காரின் தட்சிணை காத்திருக்காது. முனியப்பன் காத்திருப்பார்.

சென்னகிருஷ்ணன் கைகூப்பினார். வழக்கமாக அவருடைய வேண்டுதல் நீளமானது, பெயர், நட்சத்திரம், குலம், கோத்திரம் எல்லாம் வரும். இன்று அதெல்லாம் வரவில்லை.

“எனக்குக் கண்ணு தெரியல. கம்பெனில பொய் சொல்லிட்டன். ஓட்டட்டுமா, வேணாமா? நீ சொன்னா ஓட்டறன்.”

சொல்லிவிட்டு நின்றார். காற்று அடித்தது. முனியப்பனின் மீசை கறுப்பாகத் தெரிந்தது, அதற்குக் கீழே எல்லாம் சிவப்பாக, அதற்கும் கீழே எல்லாம் வெள்ளையாக. தரையில் நேற்றுப் பூக்களும் முந்தாநாள் பூக்களும் கிடந்தன. தோளில் ஏதோ இருப்பதுபோல இருந்தது. எந்தத் தோளில் என்று தெரியவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றதை மூடிப் பார்த்தார். இங்கே முன்னால் நின்று உரக்கப் படிக்க யாருமில்லை.

பஸ்ஸிலிருந்து ஹாரன் அடித்தார்கள். பிறகு நவீன்குமார் இறங்கி வந்தான். “ஏண்ணா, சாமி தூங்கிடுச்சா? ஏழே முக்கால் ஆவப்போவுது. இன்னிக்கும் அரை நாளா?”

சென்னகிருஷ்ணன் திரும்பாமல் கேட்டார். “பூ எந்தப் பக்கம் உழுந்துச்சு, பாரு.”

“சாமிக்கு வலது பக்கம்தான். அதோ, காலாண்டயே கீதே. எடது பூ தோள்லயே கெடக்குது. அப்புறம் என்ன, உத்தரவு குடுத்துட்டாரு, வா.”

“நல்லாப் பாத்தியா?”

“கண்ணு இருக்குல்லண்ணா எனக்கு.”

சென்னகிருஷ்ணன் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார். பிறகு, “நான் என்ன கேட்டன் தெரியுமா?” என்றார். கேட்டதைச் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். கன்னட அட்டையைச் சொன்னார்.

நவீன்குமாருக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை. “அப்போ அந்த டிரம்மு?”

“முனியப்பன்னுதான் நெனச்சன்.”

காருக்குப் பழம் சுற்றுகிற முனிசாமியின் குரல் மட்டும் கேட்டது. நவீன்குமார் கீழே கிடந்த பூவைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான். அவனுக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கேலி செய்த பூவையே கடைசியில் சாட்சிக்குக் கூப்பிட்டான். “ஆனா சாமியே ஓட்டுன்னு சொல்லிடுச்சேண்ணா. நீதான பூவ மீற மாட்டன்னுவ?”

“சொல்லிச்சு. அது சொன்னத நீ வந்து பாத்துச் சொல்ல வேண்டியதாப் போச்சே.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டன். சத்தியமா.”

“நீ சொல்லாம இருப்ப. அது தெரிஞ்சுக்கினு உக்காந்திருக்குது பாரு.” முனியப்பனை நோக்கித் தலையை ஆட்டினார். “எனக்குப் பயமா கீதுடா. உத்தரவு குடுத்த பொறவும் பயமா கீது. இந்த மாதிரி ஒரு நாளும் இருந்ததில்ல.”

பஸ்ஸில் மறுபடி ஹாரன் அடித்தார்கள். சென்னகிருஷ்ணன் குனிந்து தரையில் கையால் துழாவினார். நவீன்குமார் பூவை எடுத்துக் கொடுத்தான். அதை அவர் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூவோடு சேர்த்து நவீன்குமாரின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடினார்.

“மேலுமலை எறக்கத்துல செகண்ட் கியர். மறந்துடாத. சூப்பர்வைசர்கிட்ட நானே வந்து சொல்றன்.”

பிறகு பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, டிரைவர் கதவைத் தாண்டி, மற்றவர்கள் ஏறும் இடது பக்கத்து வாசலுக்கு வந்தார். நாற்பத்தைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தேடினார்.